மாலை வகுப்பு பலன் தந்ததா? அளந்து பார்க்கப் போகிறவர்களுக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் இரண்டு ஊர்களில் மாலை வகுப்பு நடத்தினோம். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 35-க்குக் கீழே எடுத்த 60 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துச் சொல்லிக்கொடுத்தோம். ஆண்டுத் தேர்வில் அவர்களுடைய சராசரி 22-லிருந்து 41 ஆனது. '19 மதிப்பெண் உயர்வு' என்று கொட்டை எழுத்தில் அறிக்கை அடித்து, நிதி கொடுத்தவர்களுக்கு அனுப்பினோம்.

அங்கிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அதே மாதிரி 35-க்குக் கீழே எடுத்து, உங்க வகுப்புக்கு வராத பிள்ளைங்க ஆண்டுத் தேர்வில் எவ்வளவு எடுத்தாங்க?"

பக்கத்து ஊர்ப் பள்ளிகளில் போய் எடுத்துப் பார்த்தோம். அவர்களும் 22-லிருந்து 36-க்கு வந்திருந்தார்கள். ஆக, எங்கள் வகுப்பின் பங்கு என்று சொல்ல முடிந்தது மிஞ்சிப்போனால் 5 மதிப்பெண்தான். அந்த 5 பொய்யில்லை. 19 என்று எழுதியதுதான் பொய், அதுவும் தெரியாமல் சொன்ன பொய்.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்ய ஒன்றரை ஆண்டு ஆனது. நீங்கள் அவ்வளவு அலையக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் திட்டவிலக்கம் போட்ட நினைவு லேசாக இருந்தால் போதும்.

1. ஒரு வரியில் கேள்வியை எழுதுங்கள்

"எங்கள் திட்டம் நல்லதா?" என்பது கேள்வியே அல்ல. "3, 4, 5-ஆம் வகுப்புப் பிள்ளைகளில், இந்த வகுப்பு நடக்கும் ஊர்க்காரர்கள், நடக்காத ஊர்க்காரர்களைவிட ஆண்டு இறுதியில் கணக்கில் எத்தனை மதிப்பெண் கூடுதலாக எடுக்கிறார்கள்?" இது கேள்வி. யார், எதில், யாரைவிட, எப்போது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். எழுதித் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு வையுங்கள். முடிவு வந்த பிறகு, நன்றாக வந்த பாடத்தை மட்டும் காட்டக் கை துறுதுறுக்கும். அப்போது இந்தத் தாள்தான் பிடித்து நிறுத்தும்.

2. ஒப்பிட ஆள் தேடுங்கள்

மற்ற எல்லாவற்றையும் கோட்டைவிட்டாலும் இதை விடாதீர்கள்.

வகுப்புக்கு வராத பிள்ளைகளும் ஏன் முன்னேறினார்கள்? ஒன்று, ஆறு மாதத்தில் எந்தப் பிள்ளையும் கொஞ்சம் வளரும். பள்ளியில் ஆசிரியரும் பாடம் நடத்திக்கொண்டுதானே இருக்கிறார். இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. ஒரு தேர்வில் மிகக் குறைவாக எடுத்தவர்களில் சிலருக்கு அன்று காய்ச்சல், சிலர் பாட்டி வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்தவர்கள், சிலருக்குப் படிக்காத கேள்வியாகவே வந்திருக்கும். அடுத்த தேர்வில் அந்தக் கெட்ட நேரம் எல்லோருக்கும் திரும்ப வராது. அதனால் அடிமட்டத்தில் பொறுக்கி எடுத்த எந்தக் கூட்டமும் நாம் ஒன்றும் செய்யாமலேயே சராசரியை நோக்கி மேலே வரும். பின்தங்கியவர்களுக்கு என்று நடக்கும் திட்டங்கள் எல்லாமே இந்தப் பொறியில் சிக்கும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்திய மதிப்பெண்ணையே தொடக்க மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள். தேர்ந்தெடுத்த பின் தனியாக ஒரு தொடக்கத் தேர்வு வையுங்கள். அதே தேர்வை, அதே வாரத்தில், வகுப்பு நடக்காத ஊர்களிலும் வையுங்கள்.

எந்த ஊருக்கு வகுப்பு, எந்த ஊருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் சீட்டில் முடிவு செய்வதுதான் உத்தமம். "இது அநியாயம்" என்று சொல்லத்தான் செய்வார்கள். எங்களுக்கு வேலை செய்த பதில் இது: எங்களிடம் இந்த ஆண்டு 12 ஊருக்குத்தான் பணம் இருக்கிறது, கேட்பது 24 ஊர், யாருக்கு முதலில் என்பதைச் சீட்டு முடிவு செய்யட்டும், மற்ற 12 ஊருக்கு அடுத்த ஆண்டு. ஊர்க்காரர்கள் முன்னால் சீட்டு எடுத்தோம். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. தலைவர் வீட்டுப் பக்கம் முதலில் தொடங்கியிருந்தால்தான் சண்டை வந்திருக்கும்.

குலுக்க வழியில்லை என்றால், அடுத்த கட்டத்தில் சேரப்போகும் ஊர்களோடு ஒப்பிடுங்கள். விருப்பப்பட்டு வந்தவர்களை வராதவர்களோடு மட்டும் ஒப்பிடாதீர்கள். மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையைக் கூட்டிவந்து விடுகிற தாய் வீட்டிலும் நோட்டைத் திறந்து பார்ப்பவராகத்தான் இருப்பார்.

3. தேர்வுத்தாள்: அளவுகோலையே முதலில் அளந்து பாருங்கள்

துணிக்கடையில் அளவுகோல் நெளிந்திருந்தால் சட்டை தைக்க முடியுமா? நாங்கள் இணையத்தில் கிடைத்த ஒரு வினாத்தாளை அச்சடித்துக்கொண்டு கிளம்பியவர்கள். நான்கு இடத்தில் அடிபட்டோம்.

முதலாவது ஏற்புடைமை. அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்பது. "ஒரு மதகில் மணிக்கு..." என்று தொடங்கும் கணக்கைப் பாதிப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். கேட்டால் வகுத்தல் தெரிகிறது, 'மதகு' தெரியவில்லை. மூன்று வரிக் கணக்கை வாசிக்க முடியாத பிள்ளையிடம் நீங்கள் அளப்பது வாசிப்பை, கணக்கை அல்ல. கணக்கு வேண்டுமென்றால் கேள்வியை வாய்விட்டு வாசித்துக்காட்டுங்கள்.

இரண்டாவது நம்பகத்தன்மை. அதே பிள்ளை, அதே தாள், ஆள் மாறினால் மதிப்பெண் மாறுகிறதா? வாசிப்புத் தேர்வில் 'பழம்' என்பதை 'பளம்' என்று ஒரு பிள்ளை வாசித்தது. ஒருவர் தப்பு என்று போட்டார், இன்னொருவர் சரி என்று போட்டார். எங்கள் பக்கத்தில் பாதி ஊர் அப்படித்தான் பேசும். வாசிக்கத் தெரிகிறதா என்பதுதான் நமக்குக் கேள்வி. ஆகவே ழகர, ளகர உச்சரிப்பைப் பிழையாகக் கொள்வதில்லை என்று விதி எழுதினோம். இப்படி ஒரு பக்கத்துக்கு விதி சேரும். அதை அச்சடித்து எல்லோர் கையிலும் கொடுங்கள்.

பிறகு ஒரு 30 பிள்ளைகளை இரண்டு பேர் தனித்தனியே மதிப்பிடச் சொல்லுங்கள். 80 சதவீதம் ஒத்துப்போனால் மகிழ்ந்துவிடாதீர்கள். இரண்டு பேருமே 100-க்கு 80 பேரைத் 'தேர்ச்சி' என்று போடுகிறவர்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே 68 சதவீதம் ஒத்துப்போகும் (0.8 × 0.8 உடன் 0.2 × 0.2). தற்செயலைக் கழித்துப் பார்க்கும் அளவுக்குக் காப்பா என்று பெயர்: (80 − 68) ÷ (100 − 68), அதாவது 0.38 தான். 0.7-க்கு மேல் வரும்வரை பயிற்சியைத் திரும்ப நடத்துங்கள்.

மூன்றாவது உச்சவரம்பு. தொடக்கத்திலேயே பாதிப்பேர் முழு மதிப்பெண் எடுத்துவிட்டால் அவர்கள் முன்னேறினாலும் தாள் காட்டாது. எல்லோரும் பூஜ்யம் எடுத்தாலும் அதே கதை. வேறு ஊரில் 40 பிள்ளைகளிடம் ஒத்திகை பாருங்கள். எல்லோரும் சரியாகச் செய்யும் கேள்வியும் யாருமே தொடாத கேள்வியும் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

நான்காவது கசிவு. தொடக்கத் தாளையே இறுதியிலும் வைத்தோம். எங்கள் தன்னார்வலர் ஒருவர் நல்ல மனதோடு அதே கணக்குகளை நடத்தியிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, தாளை அவர் கையில் விட்டது நாங்கள். ஒரே தரத்தில் அ, ஆ என இரண்டு தாள் தயாரியுங்கள். தொடக்கத்தில் பாதிப்பேருக்கு அ, மீதிப்பேருக்கு ஆ. இறுதியில் மாற்றிக் கொடுங்கள். தேர்வு வைப்பவர் பாடம் நடத்துபவராக இருக்கவே கூடாது. முடிந்தால் எந்த ஊரில் வகுப்பு நடக்கிறது என்றே அவருக்குத் தெரியாமல் இருக்கட்டும்.

ஒரு சின்னக் குறிப்பு: கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சோதிக்கும் 'அசர்' கணக்கெடுப்பில் போல எழுத்து, சொல், பத்தி, கதை என்று நிலைகளாக அளந்தால், அவற்றுக்கு 1, 2, 3, 4 என்று எண் போட்டுச் சராசரி எடுக்காதீர்கள். எழுத்திலிருந்து சொல்லுக்குப் போகும் தூரமும் பத்தியிலிருந்து கதைக்குப் போகும் தூரமும் ஒன்றல்ல. 'பத்தி வாசிப்பவர்கள் 100-க்கு எத்தனை பேர்' என்று சொல்லுங்கள்.

4. எத்தனை பிள்ளைகள், எத்தனை ஊர்?

பலனை மதிப்பெண்ணில் சொல்வதைவிடத் திட்டவிலக்கத்தில் சொல்வதுதான் வழக்கம். அப்போதுதான் வேறு தாளோடு ஒப்பிட முடியும். தாளில் திட்டவிலக்கம் 20 என்றால், 5 மதிப்பெண் வித்தியாசம் 0.25 திட்டவிலக்கம்.

எண்ணிக்கைக்குக் கைக்கணக்கு ஒன்று உண்டு. 16-ஐ, நீங்கள் பிடிக்க நினைக்கும் பலனின் வர்க்கத்தால் வகுத்தால், ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்று வரும். 0.25-க்கு 16 ÷ 0.0625, அதாவது 256 பேர். 0.5-க்கு 64 பேர் போதும். பலன் பாதியானால் ஆள் நான்கு மடங்கு வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இங்கேதான் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள், நாங்களும்தான். ஒரே ஊர்ப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள். 20 பேரைச் சோதித்தாலும் 20 தனித் தகவல் கிடைக்காது. இந்த ஒற்றுமையை 0.2 என்று வைத்தால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி), ஊருக்கு 20 பேர் எடுக்கும்போது 1 + 19 × 0.2 = 4.8 மடங்கு ஆள் வேண்டும். 256 பேர் 1,229 ஆகிவிடும். ஒரு பக்கத்துக்கு 62 ஊர். ஊருக்கு 10 பேர் எடுத்தால் 2.8 மடங்குதான், 717 பேர், 72 ஊர். ஊரைக் கூட்டுங்கள், ஊருக்குள் ஆளைக் குறையுங்கள். எங்களிடம் முதலில் இருந்தது இரண்டு ஊர்!

ஆறுதலான செய்தியும் உண்டு. தொடக்க மதிப்பெண்ணுக்கும் இறுதி மதிப்பெண்ணுக்கும் ஒட்டுறவு (தொடக்கத்தில் கூடுதலாக எடுத்தவரே இறுதியிலும் கூடுதலாக எடுக்கும் போக்கின் அளவு, அதிகபட்சம் 1) 0.7 இருந்தால், அதைக் கணக்கில் சேர்க்கும்போது தேவை ஏறக்குறைய பாதியாகக் குறையும். தொடக்கத் தேர்வுக்குச் செலவழிக்கும் பணம் வீணில்லை.

இவ்வளவு ஊருக்கு வழியில்லையா? அப்படியானால் பலன் ஆய்வே வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று ஊரில் நடக்கும் வகுப்புக்கு வருகைப் பதிவேடும், மாதம் ஒருமுறை பிள்ளைகள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்ற குறிப்பும் போதும். 'இது எங்களால் நடந்தது' என்று மட்டும் எழுதாதீர்கள்.

5. ஆவணங்கள்

அரசுப் பள்ளி வளாகத்தில் தேர்வு வைக்க மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்குங்கள். தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றாலும், அந்தக் கடிதம் இல்லாவிட்டால் பாதியில் அவருக்கே சங்கடம். விண்ணப்பத்தோடு வினாத்தாள் மாதிரி, பள்ளிகளின் பட்டியல், வரப்போகும் ஆட்களின் பெயர், தேதி, நிறுவனப் பதிவுச் சான்றின் நகல் எல்லாம் வையுங்கள். எங்களுக்கு 5 வாரம் ஆனது. அதில் 3 வாரம் 'தேதி குறிப்பிடவில்லை' என்று திரும்பி வந்ததால் போனது.

பெற்றோர் ஒப்புதல் படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒரு நகலை அவர்களிடமே கொடுங்கள். பிள்ளையிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. பெயரும் எமிஸ் எண்ணும் (பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் தரும் அடையாள எண்) ஒரு கோப்பில், மதிப்பெண் இன்னொரு கோப்பில், இரண்டையும் இணைக்க நீங்களே கொடுத்த ஒரு குறியீட்டு எண். மதிப்பெண் கோப்பை மட்டும் மற்றவர்களோடு பகிருங்கள்.

முடிவுகளை ஆய்விதழில் வெளியிடும் எண்ணம் இருந்தால், ஏதாவது ஒரு கல்லூரி அல்லது பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல், களத்துக்குப் போகும் முன்பே வேண்டும். பின்தேதியில் வாங்க முடியாது.

அரசிடம் உள்ள புள்ளிவிவரம் தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். 'எல்லா விவரமும்' என்று கேட்காதீர்கள். எந்த ஆண்டு, எந்த ஒன்றியம், எந்த வகுப்பு என்று கேளுங்கள்.

6. செலவு

24 ஊர், ஊருக்கு 15 பிள்ளைகள், மொத்தம் 360 பேர், இரண்டு சுற்று. எங்களுக்கு ஆனது இதுதான்.

ஒரு பிள்ளைக்கு 15 நிமிடம் என்றாலும், கூட்டிவந்து உட்காரவைத்துப் பேச்சுக்கொடுத்து முடிக்கும்போது ஒருவரால் ஒரு நாளைக்கு 12 பேரைத்தான் பார்க்க முடியும். ஒரு சுற்றுக்கு 30 ஆள்நாள், இரண்டு சுற்றுக்கு 60. ஆறு பேருக்கு இரண்டு நாள் பயிற்சி, 12 ஆள்நாள். நாள் கூலி 700 வீதம் 50,400 ரூபாய். பேருந்தும் பெட்ரோலுமாக 12,000. ஜெராக்ஸ், அட்டை, பென்சில் 3,500. பத்தில் ஒரு பிள்ளையை மேற்பார்வையாளர் மறுபடி சோதிக்க 4,200. ஆக 70,100.

அன்று வராத பிள்ளைகளைத் தேடி வீட்டுக்குப் போக 6,000 ரூபாய் தனியாக ஆனது. இதை யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. இதில்தான் ஆய்வே கெடும் (அடுத்த பகுதியைப் பாருங்கள்). மென்பொருளுக்குப் பணம் கொடுக்காதீர்கள்; கூகுள் ஷீட்ஸும் ஜமோவியும் இலவசம், தாராளமாகப் போதும்.

7. நாள் குறிப்பது

ஜூனில் பள்ளி திறந்தவுடன் வைத்தால் விடுமுறையில் மறந்தது மதிப்பெண்ணில் தெரியும். பிறகு சும்மாவே ஏறும். ஜூலை நடுவில் தொடக்கத் தேர்வு வையுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளுக்கு அடுத்த வாரமும் தீபாவளி வாரமும் வேண்டாம்.

இறுதித் தேர்வை ஏப்ரலில் வைத்து நாங்கள் பட்டது பெரும்பாடு. எங்கள் பக்கத்தில் பொங்கல் முடிந்ததும் பல குடும்பங்கள் பிள்ளைகளோடு செங்கல் சூளைக்குப் போய்விடும். 360 பேரில் 58 பேரைக் காணோம். போனவர்கள் பெரும்பாலும் பின்தங்கிய பிள்ளைகள். மீதிப்பேரின் சராசரி, யாரும் எதுவும் கற்காமலேயே கூடிவிடும். தொடக்கத்தில் இருந்த 360 பேரின் சராசரியை இறுதியில் மிஞ்சிய 302 பேரின் சராசரியோடு வைத்துப் பார்ப்பது எவ்வளவு தப்பு என்று அன்றுதான் புரிந்தது. காணாமல் போனவர்கள் எந்தப் பக்கத்தில் எத்தனை பேர், அவர்களுடைய தொடக்க மதிப்பெண் என்ன என்பதை அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். எங்கள் ஊர்களில் இறுதித் தேர்வு பொங்கலுக்கு முன்பே நடக்க வேண்டும். உங்கள் ஊரில் எது என்று அங்கன்வாடி அக்காவைக் கேளுங்கள், சரியாகச் சொல்லிவிடுவார்.

8. கணக்குப் போடுவது

வகுப்பு நடந்த ஊர்களில் 38-லிருந்து 52. நடக்காத ஊர்களில் 39-லிருந்து 47. முதலாவதில் உயர்வு 14, இரண்டாவதில் 8, வகுப்பின் பங்கு 6 மதிப்பெண். திட்டவிலக்கம் 20 என்பதால் 0.3.

வகுப்பு கிடைத்த ஊரில் நான்கே நாள் வந்து நின்றுவிட்ட பிள்ளையையும் அந்தப் பக்கத்திலேயே சேர்த்து எண்ணுங்கள். 'ஒழுங்காக வந்தவர்கள்' என்று வடிகட்டினால், சீட்டுக் குலுக்கியதற்கு அர்த்தமே இல்லை.

6 என்று ஒற்றை எண்ணை மட்டும் சொல்லாதீர்கள். 4-ஆம் பகுதிக் கணக்குப்படி எங்கள் 24 ஊர் குறைவுதான். அதனால் ஊருக்குள் உள்ள ஒற்றுமையையும் சேர்த்துப் பார்த்தால் உண்மையான பலன் சுமார் 0 முதல் 12 வரை எங்கேயும் இருக்கலாம். அப்படியே எழுதினோம். பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கூட்டங்களில் அடிக்கடி நடக்கும் தவறு: தேர்ச்சி 40 சதவீதத்திலிருந்து 50 சதவீதம் ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு. '25 சதவீதம் உயர்வு' என்பதும் கணக்குப்படி சரிதான், கேட்பவர் காதில் விழுவது வேறு. இரண்டு எண்ணையும் சொல்லிவிடுங்கள்.

பெரிய திட்டத்தில் இது எப்படி இருக்கும் என்பதற்குக் கையெட்டும் தூரத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. கொரோனாவுக்குப் பின் 2021-இல் தமிழ்நாட்டில் தன்னார்வலர்களை வைத்து நடத்தும் அரசின் மாலை வகுப்புத் திட்டமான 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியது. பொருளியல் ஆய்வாளர்களான அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் கிராமப்புறத்தில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து ஆராய்ந்தார்கள். அதே ஊர்களில் 2019-இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் சுமார் 0.7 திட்டவிலக்கமும் மொழியில் 0.34-ம் பின்னடைவு. பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. அந்த மீட்சியில் இல்லம் தேடிக் கல்வியின் பங்கு சுமார் 24 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். முன், பின் என்று மட்டும் பார்த்திருந்தால் மொத்த மீட்சியையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்போம், நான்கு மடங்கு மிகையாக.

9. கண்டறியும் பரிசோதனை என்றால்

சிலர் வகுப்போடு சேர்த்துக் கண் பரிசோதனை, கற்றல் குறைபாடு கண்டறிதல் என்றும் செய்கிறார்கள். அங்கே கேட்க வேண்டிய கேள்வியே வேறு. 1,000 பிள்ளைகளில் 50 பேருக்கு உண்மையில் குறை இருக்கிறது என்று வையுங்கள். பரிசோதனை, குறை உள்ளவர்களில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், இல்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிடிபடுவது 45 பேரும், குறையே இல்லாத 95 பேரும். 140 பெற்றோரிடம் போய்ச் சொல்வீர்கள், அதில் 95 வீட்டில் வீண் கலக்கம். ஆகவே முதல் பரிசோதனையை வைத்து எந்தப் பிள்ளைக்கும் பெயர் சூட்டாதீர்கள். "இன்னொரு தடவை டாக்டரிடம் காட்டிப் பார்த்துடலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். முகாம் நடத்தும் முன்பே அந்த 140 பேருக்கும் இரண்டாம் பரிசோதனைக்குத் தேதியும் பேருந்துச் செலவும் ஒதுக்கியிருக்க வேண்டும்.

10. முடிவை யாரிடம் முதலில் சொல்வது

நிதி கொடுத்தவர்களுக்கு முன்னால் தலைமையாசிரியர்களிடமும் ஊரிலும் சொல்லுங்கள். ஊருக்கு ஒரு பக்கம், பெரிய எழுத்தில், பிள்ளைகளின் பெயர் இல்லாமல். இரண்டு ஊரை ஒப்பிட்டு 'எந்த ஊர் முதலிடம்' என்று பட்டியல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். 15 பிள்ளைகளின் சராசரி அடுத்த ஆண்டே தலைகீழாகும். குலுக்கலில் காத்திருந்த 12 ஊருக்கும் அன்றே வகுப்பு தொடங்கும் தேதியைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்ல இரண்டு மாதம் தாமதித்தோம், அடுத்த சுற்றுக்கு மூன்று ஊரில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட ஆள் வரவில்லை.